மூன்று விரற்கடை

ஆடித் தபசுத் திருவிழாவுக்காகச் சங்கரன்கோவிலில் உள்ள அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். பையைக் கீழே வைப்பதற்குள் அண்ணன் மகள் ஓடி வந்துவிட்டாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள்.

"சித்தப்பா, என் லேப்டாப்புக்கு மட்டும் நெட் வர மாட்டேங்கு. அம்மா ஃபோன்ல அதே எடத்துல நல்லா வருது. இதுல சும்மா சுத்திக்கிட்டே இருக்கு."

"அப்பா என்ன சொன்னாங்க?"

"வெல கம்மியா வாங்குனா அப்படித்தான் இருக்கும்னு சொல்லிட்டாங்க."

அவள் முகம் வாடியிருந்தது. உண்டியல் காசையும் போட்டு வாங்கிய கணினி அது. யாரோ இரண்டு வருடம் வைத்திருந்துவிட்டு விற்றது. அண்ணன் சொன்னது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பதிலோடு கேள்வியை மூடிவிடக் கூடாது. விலையைக் குறைத்திருக்கிறார்கள் என்றால், உள்ளே எதைக் குறைத்திருக்கிறார்கள்? அதைத் தெரிந்துகொண்டால், குறைந்த இடத்தை வேறு வழியில் ஈடுகட்ட முடியுமா என்று பார்க்கலாம்.

நம் ஊர்களில் இந்தக் கேள்வி பல வீடுகளுக்கு உரியது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களின் கைக்குக் கணினி வந்தது. வீட்டில் முதல் கணினியே அதுதான் என்ற குடும்பங்கள் ஏராளம். அண்ணன் படித்து முடித்ததும் தம்பிக்கு, பிறகு தங்கைக்கு என்று கை மாறும். கணினி ஓடும். இணையம்தான் அடம் பிடிக்கும்.

நாங்கள் இருவரும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

முதலில் வீட்டின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். முன்னறை, நடுக்கட்டு, பின்கட்டு என்று ரயில்பெட்டி போல நீளமான வீடு. பின்பக்கம் தகரக் கூரை போட்ட தறிக்கூடம். முன்னறையில் இரும்புப் பீரோவின் மேல், சுவரை ஒட்டி, ரௌட்டர் இருந்தது. அவள் படிக்கும் மேசை பின்கட்டில்.

அண்ணிக்குச் சந்தேகம் தறியின் மேல். "தறி ஓடும்போதுதான் வர மாட்டேங்கு. மோட்டார்தான் இழுக்குது" என்றார்கள். நல்ல சந்தேகம்தான். சந்தேகத்தைச் சோதிக்காமல் நம்பக் கூடாது, சோதிக்காமல் தள்ளவும் கூடாது. தபசு அன்று தறிக்கு விடுமுறை. தெருவே அமைதியாக இருந்தது. அன்று காலை பத்து மணிக்கு மேசையில் கணினியை வைத்துப் பார்த்தோம். அப்போதும் சுற்றிக்கொண்டேதான் இருந்தது. நோட்டில் 'தறி' என்று எழுதி, அவளே குறுக்குக் கோடு போட்டாள். பகலில் தறி ஓடும், பகலில்தான் அவளும் இணையத்தைத் தேடுவாள். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததால் ஒன்று மற்றதற்குக் காரணம் போலத் தோன்றியிருக்கிறது.

அடுத்து, கணினியை முன்னறைக்குத் தூக்கிக்கொண்டு போய் ரௌட்டருக்கு அருகில் வைத்தோம். படம் உடனே வந்தது. இந்தச் சின்னச் சோதனை இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட்டது. வெளியிலிருந்து வீட்டுக்கு வரும் இணையம் நன்றாக இருக்கிறது. கணினியின் வைஃபை பாகமும் உயிரோடு இருக்கிறது.

இதை எல்லோரும் நினைவில் வையுங்கள். கணினித் திரையின் ஓரத்தில் விசிறி போல ஒரு சின்னம் தெரிகிறதே, அது காட்டுவது கணினிக்கும் ரௌட்டருக்கும் இடையிலான பாதையை மட்டும். ரௌட்டருக்கு அப்பால் கம்பத்தில் ஓடும் ஒளியிழை அறுந்திருந்தாலும் விசிறி முழுதாகவே விரிந்திருக்கலாம். நம் வீட்டிலிருந்து தெருமுனைக்குப் போகும் வழி சரியாக இருக்கிறது, நெடுஞ்சாலைதான் அடைபட்டிருக்கிறது என்பது போல. எந்தப் பாதை கெட்டது என்று பிரித்துப் பார்க்காமல் கணினியைத் திட்டிப் பயனில்லை.

எங்கள் விஷயத்தில் கெட்டது தெருமுனை வரையான பாதை. முன்னறையில் வருகிறது, பின்கட்டில் வரவில்லை. நடுவில் அலைக்கு என்ன ஆகிறது?

வைஃபை என்பது ரேடியோ அலை. வீட்டு ரௌட்டர் வெளியிடும் ரேடியோ சக்தி பொதுவாக ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். சாமி படத்துக்கு முன்னால் எரியும் குட்டி எல்.இ.டி. விளக்கே அரை வாட் எடுக்கும். அதைவிடச் சிறிய இந்த 'விளக்கு' எல்லாத் திசையிலும் பரவுகிறது. தூரம் இரண்டு மடங்கானால் திறந்தவெளியில் சக்தி நான்கில் ஒரு பங்காகும். தூரம் மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. வீட்டுக்குள்ளோ சுவர்களும் சேர்ந்து குடிக்கும்.

அண்ணியின் ஃபோனில் அலையின் பலத்தை எண்ணாகக் காட்டும் செயலி ஒன்றைப் போட்டேன். ரௌட்டர் அருகே மைனஸ் 40 காட்டியது. பின்கட்டு மேசையில் மைனஸ் 80. டெசிபெல் கணக்கு இது. இந்தக் கணக்கில் பத்து குறைந்தால் பலம் பத்தில் ஒன்றாகிவிடும். நாற்பது குறைந்தால் பத்தாயிரத்தில் ஒன்று. ரௌட்டர் அனுப்பியதோடு ஒப்பிட்டால் மேசைக்கு வந்து சேர்ந்தது ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு மெலிந்த முனகலையும் கேட்டுப் புரிந்துகொள்ளத்தான் கணினி முயல்கிறது. எனக்கு அந்தக் கணினியின் மேல் மரியாதையே வந்தது.

குற்றவாளிகளில் ஒருவன் கண்ணெதிரே இருந்தான். பீரோ. இரும்பும் தகரமும் ரேடியோ அலையைத் திருப்பி அடிக்கும். பீரோவின் மேல் சுவரோரம் இருந்த ரௌட்டருக்கு, பீரோவின் கீழ்ப்பக்கத் திசை முழுதும் நிழல். அலைக்கும் நிழல் உண்டு. வெளிச்சத்தைப் போல அவ்வளவு கூர்மையான நிழல் இல்லை, அவ்வளவுதான். செங்கல் சுவர் கொஞ்சம் வழிவிடும். தண்ணீர் நிரம்பிய டிரம் அலையை விழுங்கும். நம் உடம்பிலும் பெரும்பகுதி தண்ணீர்தானே, நாமும் விழுங்குவோம்.

நீங்களே சோதிக்கலாம். எவர்சில்வர் தூக்குச்சட்டிக்குள் ஃபோனை வைத்து மூடிவிட்டு, இன்னொரு ஃபோனிலிருந்து கூப்பிடுங்கள். மூடி எவ்வளவு இறுக்கம் என்பதைப் பொறுத்து மணி அடிக்கலாம், அடிக்காமலும் போகலாம். சின்ன இடைவெளி இருந்தாலும் அலை கசிந்து உள்ளே போய்விடும். எந்தச் சட்டியில் அடிக்கிறது, எதில் அடிக்கவில்லை என்று எழுதி வையுங்கள். (அடுப்பில் இருக்கும் சட்டி வேண்டாம். அம்மாவிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.)

"சரி சித்தப்பா, சொவரும் பீரோவும் ஃபோனுக்கும் சேர்த்துத்தானே மறைக்குது? ஃபோன்ல மட்டும் எப்படி வருது?"

நல்ல பிள்ளை. சரியான இடத்தில் பிடித்துவிட்டாள்.

கணினியின் வைஃபை அட்டை என்ன வகை என்று கணினிக்குள்ளேயே பார்த்தோம். அதற்கு ஒரே ஒரு ஆன்டெனா. அவள் அம்மாவின் ஃபோனுக்கு இரண்டு. கணினியில் ஆன்டெனா எங்கே இருக்கும் தெரியுமா? பெரும்பாலும் திரையின் விளிம்புக்குள் ஒட்டிய மெல்லிய உலோகப் பட்டை அது. அங்கிருந்து நூல் போன்ற கம்பி, மூடித் திறக்கும் கீல் வழியாகக் கீழே இறங்கி அட்டையில் செருகப்பட்டிருக்கும். விலையைக் குறைக்க வேண்டுமானால் இரண்டில் ஒன்றை எடுத்துவிடுவார்கள். பார்ப்பதற்கு எதுவும் தெரியாது. ஒரு காது குறைந்துவிடும்.

அந்த ஒரு காது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரைக்கு இப்படித் தலைப்பு வைத்தேன்.

அவள் கணினி கேட்பது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை. அதாவது ஒரு நொடிக்கு 240 கோடி முறை அதிரும் அலை. ஒளியின் வேகத்தை, நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டரை, இந்த எண்ணால் வகுத்தால் அலையின் நீளம் கிடைக்கும். 12.5 சென்டிமீட்டர். நம் பழைய அளவையில் பன்னிரண்டு விரற்கடை ஒரு சாண். விரற்கடை என்பது ஒரு விரலின் அகலம். ஆக, வைஃபை அலையின் நீளம் ஏறத்தாழ அரைச் சாண். அதில் பாதி மூன்று விரற்கடை.

ரௌட்டரிலிருந்து கிளம்பும் அலை ஒரே வழியில் வருவதில்லை. நேராக ஒன்று வரும், பீரோவில் மோதி ஒன்று, தகரக் கூரையில் பட்டுத் திரும்பி ஒன்று என்று பல வழிகளில் வரும். ஊருணியில் இரண்டு கல்லைப் போட்டுப் பார்த்திருப்பீர்கள். மேடும் மேடும் சேரும் இடத்தில் தண்ணீர் எழும்பும். மேடும் பள்ளமும் சேரும் இடத்தில் தண்ணீர் அசையாது நிற்கும். வைஃபைக்கும் அதேதான். அறைக்குள் சில இடங்களில் அலைகள் கைகோத்து எழும்பும், சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இந்த மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே தூரம் சில விரற்கடைதான்.

ஒரு காது அந்தப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டால் கணினி செவிடு. இரண்டு காது இருந்தால் ஒன்று பள்ளத்தில் இருக்கும்போது மற்றது மேட்டில் இருக்கலாம்.

மேசைமேல் கணினியை மூன்று விரற்கடை இடப்பக்கம் நகர்த்தச் சொன்னேன். பலம் மாறியது. இன்னும் மூன்று விரற்கடை நகர்த்தினோம், மறுபடி மாறியது. கணினியைப் பக்கவாட்டில் திருப்பி ஜன்னலைப் பார்க்க வைத்தபோது நின்றிருந்த படம் ஓட ஆரம்பித்தது. அவள் கை தட்டிவிட்டாள். ஒரு பைசா செலவில்லை. மந்திரம் இல்லை, அலையின் நீளம்தான்.

அன்று மாலை சங்கரநாராயணர் கோவிலுக்குப் போனோம். கூட்டம் குறைவாக இருந்த ஒரு பிராகாரத்தில் அவளைக் கை தட்டச் சொன்னேன். தட்டிய ஓசை கல்லில் பட்டுப் பட்டு நீண்டு கேட்டது. "இப்ப வேகமா ஏதாவது பேசு" என்றேன். பேசினாள். எதிரொலிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டதில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஒவ்வொரு சொல்லா நிறுத்திப் பேசு." இப்போது விளங்கியது.

வீட்டுக்குள் வைஃபைக்கும் இதே எதிரொலித் தொல்லை. அதைத் தீர்க்க 1990களில் ஆஸ்திரேலியாவின் அரசு அறிவியல் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வில் ஜான் ஓ'சல்லிவனும் அவருடைய குழுவினரும் ஒரு வழி கண்டார்கள். செய்தியை ஒரே வேகமான ஓட்டமாக அனுப்பாமல், பல மெதுவான ஓட்டங்களாகப் பிரித்து, பக்கத்துப் பக்கத்து அதிர்வெண்களில் ஒரே நேரத்தில் அனுப்புவது. ஒவ்வொரு ஓட்டமும் நிறுத்தி நிதானமாகப் பேசும், எல்லாம் சேர்ந்து வேகமாகிவிடும். ஓ'சல்லிவன் அடிப்படையில் ரேடியோ வானியலாளர். அதற்கு முன் அவர் வெடிக்கும் குட்டிக் கருந்துளைகளிலிருந்து ரேடியோ துடிப்பு வருகிறதா என்று தேடியவர். துடிப்பு கிடைக்கவில்லை. கலங்கிப்போன சமிக்ஞையைத் தெளிவாக்கப் பழகிய கணக்கு மட்டும் கையில் மிஞ்சியது. வானத்தைப் பார்த்துக் கற்ற கணக்கு வீட்டு அறைக்குள் வந்து உதவியது.

நம் நாட்டுக்காரர் ஒருவரையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1895இல் கல்கத்தா டவுன் ஹாலில் ஜகதீஷ் சந்திர போஸ் ரேடியோ அலையைச் சுவரைத் தாண்டிச் செலுத்தி, அந்தப் பக்கம் மணியை அடிக்க வைத்தார், வெடிமருந்தைப் பற்ற வைத்தார். அவர் ஆராய்ந்த அலைகள் சில மில்லிமீட்டர் நீளமே கொண்டவை, வைஃபை அலையைவிடக் குட்டையானவை. சுவருக்குப் பின்னால் கேட்குமா என்ற நம் கேள்விக்கு வயது நூற்று முப்பது.

கோவிலிலிருந்து திரும்பும்போது அண்ணன் மகள் இன்னொன்றைக் கவனித்தாள். தபசுக் கூட்டத்துக்கு நடுவே யாருடைய ஃபோனிலும் இணையம் ஒழுங்காக வரவில்லை. செல்ஃபோன் கோபுரம் பக்கத்தில்தான், அலையும் பலமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு கோபுரம் தன்னிடம் உள்ள அலைவரிசையை எல்லோருக்கும் பங்கிட்டுத்தான் தர வேண்டும். பந்தியில் ஆள் கூடினால் ஆளுக்குக் கிடைப்பது குறையும்.

தெருவிலும் இப்படி ஒரு பந்தி நடக்கிறது. வீட்டுக்கு வந்து செயலியில் பார்த்தால், பின்கட்டில் மட்டும் பக்கத்து வீடுகளின் வைஃபைப் பெயர்கள் பதினொன்று தெரிந்தன. பெரும்பாலானவை ஒரே தடத்தில் (சேனலில்). 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் நம் நாட்டில் 13 தடங்கள் உண்டு. ஆனால் அவை ஓலைக்கீற்று போல ஒன்றன்மேல் ஒன்று படிந்தவை. 1, 6, 11 ஆகிய மூன்றும்தான் ஒன்றையொன்று தொடாமல் இருப்பவை. குறைந்த சக்தியில் யார் வேண்டுமானாலும் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று 2005இல் இந்தியா இந்தப் பட்டையைத் திறந்துவிட்டது. புளூடூத், கம்பியில்லா மவுஸ், மைக்ரோவேவ் அடுப்பின் கசிவு எல்லாம் இதே பட்டையில்தான்.

இத்தனை பேர் ஒரே தடத்தில் பேசினால்? சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் மல்லிகை ஏலம் நடக்கும்போது நின்று பாருங்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் விலை கூவினால் இரண்டும் விளங்காது. இருவரும் நிறுத்தி, யாராவது ஒருவர் முந்திக்கொண்டு மறுபடி கூவுவார். 1971இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ராம்சன் குழு, தீவுகளுக்கிடையே கணினிகளை ரேடியோவில் இணைத்தபோது கிட்டத்தட்ட இதைத்தான் செய்தது. அலோஹா நெட் என்று பெயர். செய்திகள் மோதிக்கொண்டால் ஒவ்வொரு கணினியும் தோன்றியபடி ஒரு நேரம் காத்திருந்து மறுபடி அனுப்பும். இன்றைய வைஃபை, பேசுவதற்கு முன் வேறு யாராவது பேசுகிறார்களா என்று காது கொடுத்தும் கேட்கும். நல்ல பழக்கம்தான், ஆனால் பதினொரு வீடும் காத்திருந்தால் நேரம் ஆகத்தானே செய்யும்!

5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இடம் தாராளம். ஆனால் அவள் கணினிக்கு அந்தப் பட்டை கேட்காது. விலைக்காகக் குறைத்த இரண்டாவது பாகம் இது. ரௌட்டரின் பெயருக்குப் பின்னால் '5ஜி' என்று போட்டிருப்பது இந்தப் பட்டையைத்தான். செல்ஃபோன் 5ஜி வேறு, இது வேறு. அந்தப் பெயர் உங்கள் கணினியில் தெரியவில்லை என்றால் ஏதோ உடைந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

மறுநாள் காலை வேலையில் இறங்கினோம். ரௌட்டரைப் பீரோவிலிருந்து இறக்கி, நடுக்கட்டு நிலைக்கு மேலே ஆணி அடித்து மாட்டினான் அண்ணன். தடத்தை 6இலிருந்து 11க்கு மாற்றினேன். கணினியில் பேட்டரியை மிச்சம் பிடிக்க வைஃபையைத் தூங்க வைக்கும் அமைப்பு ஒன்று இருந்தது, அதையும் நிறுத்தினோம். ஒவ்வொன்றாக மாற்றினோம், ஒவ்வொரு தடவையும் எண்ணை எழுதினோம். மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றியிருந்தால் எது உதவியது என்று தெரியாமலே போயிருக்கும். மேசையில் மைனஸ் 80 இருந்தது மைனஸ் 60 ஆயிற்று. நூறு மடங்கு. அதில் பெரும்பங்கு ஆணிக்குத்தான்.

இன்னொரு விசித்திரமும் நடந்தது. இணையம் நன்றாக வந்த பிறகும் சில தளங்கள் 'பாதுகாப்பில்லை' என்று கதவைச் சாத்தின. பார்த்தால் கணினியின் தேதி பல வருடம் பின்னால் நின்றது. பழைய கணினிகளில் கடிகாரத்துக்கென்று ஒரு பொத்தான் பேட்டரி இருக்கும், அது தீர்ந்துவிட்டால் தேதி தொலைந்துவிடும். ஒவ்வொரு பாதுகாப்பான தளமும் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்ற சான்றிதழைக் காட்டும். பின்னால் நிற்கும் கணினி, 'இது இன்னும் பிறக்காத சான்றிதழ் ஆயிற்றே' என்று மறுத்துவிடும். தேதியைச் சரிசெய்ததும் கதவு திறந்தது. கணினிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள்.

இன்னொரு தந்திரமும் தெரிந்துகொள்ளுங்கள். அரசு தொடக்கத்தில் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸ் ஒரு பக்கம், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் ஒரு பக்கம் இருந்தன. இப்படி இரண்டு இயங்குதளம் உள்ள கணினி வீட்டில் இருந்தால் அது நல்ல சோதனைக்கூடம். ஒன்றில் வைஃபை வேலை செய்து மற்றதில் செய்யாவிட்டால், ஆன்டெனாவும் அட்டையும் நலம். அட்டையை இயக்கும் மென்பொருளில்தான் கோளாறு.

ஊருக்குக் கிளம்புவதற்கு முன் அண்ணனிடம் தேனிக் கதையைச் சொன்னேன். மதுரையில் 1976இல் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. அதன் தேனிக் கிளை, சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் சிறு கண் பரிசோதனை நிலையங்களை வைத்தது. அங்கே மருத்துவர் இருக்க மாட்டார். நோயாளியைத் தேனியிலிருந்து மருத்துவர் திரையில் பார்த்துப் பேச வேண்டும். 2005 வாக்கில், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் வழிநடத்திய குழு, வீட்டில் இருப்பது போன்ற அதே மலிவான வைஃபை அட்டைகளை எடுத்துக்கொண்டது. சக்தியை எல்லாத் திசையிலும் சிதறவிடாமல் ஒரே திசையில் குவிக்கும் ஆன்டெனாக்களை உயரமான கோபுரங்களில் ஏற்றியது. அலை கிலோமீட்டர் கணக்கில் போனது. ஆனால் சாதாரண வைஃபைக்கு ஒரு பழக்கம் உண்டு. செய்தி அனுப்பியதும் 'கிடைத்தது' என்ற பதிலுக்காகக் கண்சிமிட்டும் நேரத்தில் மிகச் சிறு துளிதான் காத்திருக்கும். தொலைவிலிருந்து பதில் வந்து சேர்வதற்குள், வரவில்லை என்று முடிவுகட்டி மறுபடி அனுப்பிவிடும். அந்தக் குழு மென்பொருளை மாற்றி எழுதி, இரண்டு பக்கமும் முறைவைத்துப் பேசும்படி செய்தது. சிற்றூர் மனிதர்கள் தங்கள் ஊரில் உட்கார்ந்தபடியே கண் மருத்துவரிடம் பேசினார்கள்.

அண்ணன் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பின்கட்டுக்குப் போய், மகளிடம், "அந்த நோட்டக் கொண்டா, நானும் பாக்கேன்" என்றான்.

தம்பி, தங்கைகளே, இன்று மாலை உங்கள் வீட்டு ரௌட்டர் எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். பீரோ மேலா, டி.வி.க்குப் பின்னாலா, அரிசி டிரம்முக்குப் பக்கத்திலா? ஃபோனில் பலத்தை அளக்கும் செயலியைப் பெரியவர்கள் துணையோடு போட்டு, ஒவ்வொரு அறையிலும் ஒரு எண் எழுதுங்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். வீட்டின் படம் வரைந்து எண்களைக் குறித்து வையுங்கள். ரௌட்டர் இல்லாத வீடு என்றால் அப்பாவின் ஃபோனை ஹாட்ஸ்பாட்டாக வைத்தும் செய்யலாம். மூன்று விரற்கடை நகர்த்திப் பார்த்ததில் என்ன மாறியது என்பதை மறக்காமல் எழுதுங்கள்.